ஐஸ் ஹவுஸிலிருந்து தங்கசாலை வரை

சென்னை தினமான ஆகஸ்ட் 22 நெருங்கினால் இங்கே மரபு நடைகள் களைகட்டிவிடும். கோட்டைக்குள் ஒன்று, மயிலாப்பூர் மாடவீதிகளில் ஒன்று, ஜார்ஜ் டவுன் சந்துகளில் ஒன்று. இந்த நகரத்தை ஆக்கிய பெண்களைத் தேடிப் போகும் நடைகளும் இப்போது அவற்றோடு சேர்ந்திருக்கின்றன. மனமார வரவேற்கிறோம். ஆனால் அந்த நடைகள் எங்கே நிற்க வேண்டும், நின்ற இடத்தில் என்ன பேச வேண்டும் என்பது பற்றி நமக்குச் சொல்ல இருக்கிறது.

மெரினாவில் தொடங்கலாம். அங்கே சிலையாக நிற்கும் பெண்களில் ஔவையாரும் கண்ணகியும் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வந்தவர்கள். இருவருமே இலக்கியத்திலிருந்து இறங்கி வந்தவர்கள். வரலாற்றிலிருந்து வந்தவர் என்று அன்னி பெசன்ட்டைச் சொல்லலாம். உழைப்பாளர் சிலையில் பாறையை நெம்பும் நால்வரும் ஆண்கள். சித்தாள் இல்லாமல் இந்த ஊரில் எந்தக் கட்டடம் எழும்பியது?

அதே கடற்கரைச் சாலையில், முகப்பு வளைந்து நிற்கும் ஐஸ் ஹவுஸ் இருக்கிறது. பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைப் பாதுகாக்க 1842இல் டியூடர் கம்பெனி கட்டியது. பிறகு பிலிகிரி ஐயங்காரின் வீடானது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கினார். அதன்பின் சில ஆண்டுகள் ராமகிருஷ்ண மடமும் அங்கே நடந்தது. 1917இல் அரசாங்கம் வாங்கியது. அதன் பிறகு 1941 வரை அங்கே வாழ்ந்தவர்கள் சகோதரி சுப்பலட்சுமியின் பிராமண விதவையர் இல்லத்துப் பெண்கள். பத்து, பன்னிரண்டு வயதில் தாலியறுத்தவர்கள், வீட்டின் பின்கட்டிலேயே ஆயுள் முடிந்துவிடும் என்று எழுதப்பட்டவர்கள், இந்தக் கட்டடத்தில் தங்கிப் படித்து ஆசிரியைகளாக வெளியேறினார்கள். சுப்பலட்சுமியும் குழந்தை விதவைதான். 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தவர். இன்று அந்தக் கட்டடத்துக்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர். சுற்றுப்புறமும் காவல் நிலையமும் ஐஸ் பெயரிலேயே வழங்குகின்றன. பனிக்கட்டிக்கும் சாமியாருக்கும் கிடைத்தது அந்தப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. நடை இங்கே அரை மணி நேரமாவது நிற்க வேண்டும்.

நின்று, அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கு மட்டுமே கதவைத் திறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரிக்கும் இது பொருந்தும். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவரான மேரி ஷார்லிப், லண்டனில் மேல்படிப்பு முடித்துத் திரும்பி, 1885இல் தொடங்கிய மருத்துவமனை அது. ஆண் வைத்தியரிடம் போகமாட்டாமல் பிரசவத்தில் செத்துக்கொண்டிருந்த பெண்களுக்காக எழுந்தது. சாதி இந்துப் பெண்களுக்கும், திரைக்குள் வாழ்ந்த கோஷாப் பெண்களுக்கும் என்று பெயரிலேயே எழுதி வைத்தார்கள். பின்னால் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை ஆனது. கோஷா என்கிற பாதி மட்டும் மக்கள் வாயில் தங்கிவிட்டது. இதையெல்லாம் சொன்னால் அந்தப் பெண்களின் சாதனை சிறுத்துவிடாது. யாருக்குக் கதவு திறந்தது, யார் வெளியே நின்றார்கள் என்று தெரியாமல் அந்தச் சாதனையை அளக்கத்தான் முடியாது.

நம் முக்கியமான கவலை வேறு. 'முதல் பெண் மருத்துவர்', 'முதல் பெண் பட்டதாரி', 'முதல் பெண் உறுப்பினர்' என்று நிறுத்தத்துக்கு ஒரு பட்டம் சூட்டிக்கொண்டே போனால், இந்தப் பெண்கள் எல்லோரும் ஒரே திசையில் கைகோத்து நடந்தது போல ஆகிவிடுகிறது. அவர்கள் அப்படி நடக்கவில்லை. கடுமையாக மோதிக்கொண்டார்கள். அந்த மோதலை மறைத்துவிட்டுக் கொண்டாடுவது அவர்களுக்கு மரியாதை அல்ல.

கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கூடிய சென்னை சட்டமன்ற மேலவையில் துணைத் தலைவராக இருந்த முத்துலட்சுமி ரெட்டி, பெண்களைத் தேவதாசிகளாகக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அவருடைய தாய் சந்திரம்மாள் அந்த மரபில் பிறந்தவர். ஆகவே வெளியிலிருந்து வந்த பேச்சல்ல அது. 1930இல் அப்படிப்பட்ட குடும்பங்களிலிருந்து தப்பி வந்த சிறுமிகளுக்கு விடுதிகள் இடம் மறுத்தபோது தன் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார். ஔவை இல்லம் பிறந்தது அங்கேதான்.

கோட்டையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஜார்ஜ் டவுன். அங்கே வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை தனம்மாளின் வீட்டுக் கச்சேரிக்கு நகரத்து ரசிகர்கள் வந்து அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாளும் இந்த நகரத்தில்தான் சங்கீதத்தால் பொருளும் புகழும் ஈட்டினார். தஞ்சை அரசவைக் கவி முத்துப்பழனியின் 'ராதிகா சாந்த்வனமு' நூலை முழுமையாகத் தேடி எடுத்து 1910இல் பதிப்பித்தவர் அவர். ஆபாசம் என்று சொல்லி ஆங்கில அரசு தடை போட்டது. தேவதாசி ஒழிப்பு மசோதா வந்தபோது நாகரத்தினம்மாளும் அவரைப் போன்ற தேவதாசிக் கலைஞர்களும் சங்கம் கூட்டி, மனு எழுதி எதிர்த்தார்கள். எங்கள் தொழில் கலை, அதை விபசாரத்தோடு சேர்க்காதீர்கள், எங்கள் சொத்துரிமையில் கை வைக்காதீர்கள், பெண்களுக்குக் கல்வி கொடுங்கள் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். 1947இல் சட்டம் நிறைவேறியது.

நாம் முத்துலட்சுமியின் பக்கம். ஒரு சிறுமியின் கழுத்தில் அவள் சம்மதம் கேட்காமல் ஏறுகிற பொட்டை எந்தக் கலையின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது என்றே நினைக்கிறோம். ஆனாலும் அந்தச் சட்டத்துக்குப் பிறகு மேடையும் சபாவும் யார் கைக்குப் போயின என்று கேட்டால், நாகரத்தினம்மாள் தரப்பின் அச்சம் வெறும் சுயநலம் அல்ல என்பதும் தெரிகிறது. இந்த இரண்டையும் தெருவில் நின்றே பேசலாம். கோட்டை வாசலிலும் ஜார்ஜ் டவுனிலும் அடுத்தடுத்து நின்றால், கேட்கிறவர்கள் தாங்களே ஒரு முடிவுக்கு வருவார்கள்.

மூன்றாவது குரலும் உண்டு. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், அதே வழக்கத்திலிருந்து வெளியேறி, 1936இல் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலாக அதை அம்பலப்படுத்தியவர். முத்துலட்சுமிக்கு மேலவை இருந்தது. ராமாமிர்தத்துக்குச் சுயமரியாதை மேடை இருந்தது. 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு வந்த நடைப்பயணத்தில் அவரும் நடந்து வந்தார். நகரத்துக்குள் காலாற நடக்கிற நமக்கு அந்த நடையும் நினைவில் இருக்கட்டும்.

அதே ஆண்டு நவம்பர் 13 அன்று, வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடைக் கொட்டகையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை தலைமை. ஈ.வெ.ரா.வைப் பெரியார் என்றே அழைக்க வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது அங்கேதான். அந்தப் பட்டத்தை அறியாத தமிழர் இல்லை. அதைக் கொடுத்த கூட்டத்தைப் பேசுவோர் குறைவு. மறுநாள் பெண்கள் சிலர் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தங்கசாலைத் தெரு இந்து தியாலஜிகல் பள்ளி முன்பு மறியல் செய்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சிறைக்குப் போனார்கள்.

ஆகவே அடுத்த ஆகஸ்டில் நடை நடத்துகிறவர்களிடம் நம் வேண்டுகோள் இது: கடற்கரையோடு திரும்பிவிடாதீர்கள். வட சென்னைக்கு வாருங்கள். பெயர்ப்பலகை இல்லாத இடத்திலும் நில்லுங்கள். தியாலஜிகல் பள்ளி எதிரே, சைக்கிள் ரிக்‌ஷாவும் தள்ளுவண்டியும் மோதிக்கொள்கிற அந்தத் தெருவோரத்தில், டாக்டர் தருமாம்பாள், ராமாமிர்தம், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீதம்மாள் என்று ஐந்து பெயர்களையும் உரக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் ஏன் கைதானார்கள் என்பதை அங்கே கடை வைத்திருக்கிறவர்களுக்கும் கேட்கும்படி விளக்குங்கள்.