ஐம்பதாவது நகர்வு

பள்ளி நாட்களில் மாவட்ட அளவில் நடந்த ஒரு செஸ் போட்டியின் கடைசிச் சுற்றில், என் ராஜாவுக்குத் துணையாக ஒற்றை யானை மட்டுமே மிஞ்சியிருக்க, எதிரே உட்கார்ந்திருந்த பையனிடம் யானையோடு, பிஷப் என்று இன்றைய பிள்ளைகள் சொல்லும் மந்திரியும் இருந்த அந்த மாலைப்பொழுது, இத்தனை வருஷங்கள் கழிந்தும் என் நினைவில் மங்கவில்லை. இந்த அமைப்பு, சரியாகத் தற்காத்தால் பெரும்பாலும் டிராவில்தான் முடியும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். காய் எதுவும் வெட்டுப்படாமலும் சிப்பாய் எதுவும் நகராமலும் இரு தரப்பும் 50 நகர்வுகளைக் கடந்துவிட்டால் டிரா கோரலாம் என்னும் விதியும் தெரியும். ஆகவே, கடைசிக் காய் வெட்டுப்பட்ட இடத்திலிருந்து ஸ்கோர் ஷீட்டின் ஓரத்தில் நகர்வுக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்து, ஐம்பதாவது புள்ளியை வைத்ததும் கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரை அழைத்தேன். அவர் நிதானமாக எண்ணிப் பார்த்து, 48தான் ஆகியிருக்கிறது, ஆட்டத்தைத் தொடரலாம் என்றார். மிஞ்சியவை இரண்டே நகர்வுகள். ஆனால் கோரிக்கையைச் சொன்ன கணத்திலேயே என் மனம் பலகையை விட்டு எழுந்து போய்விட்டது. அதைத் திரும்ப அழைத்து வந்து உட்கார வைக்க என்னால் இயலவில்லை. அடுத்த நகர்விலேயே யானையை இழந்தேன்.

சாஸ்திரம் டிரா என்று நிர்ணயித்த ஸ்திதி வேறு, மனிதன் ஒருவன் பிரயாசைப்பட்டு டிராவாக முடித்த ஆட்டம் வேறு என்பதை அன்று அனுபவத்தில் கண்டேன். யந்திரங்கள் சதுரங்கத்தின் இறுதிக் கட்டத்தை ஏறக்குறைய முழுதும் அளந்துவிட்ட இக்காலத்திலும், அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஐம்பது என்னும் அந்த எண் மிகப் பழமையானது. ஸ்பெயின் தேசத்துப் பாதிரியாரான ரூய் லோபஸ் 1561-இல் வெளியிட்ட நூலிலேயே அது இடம்பெற்றிருக்கிறது. வெல்ல வழி தெரியாதவன், தோற்க மனமில்லாதவனை விடிய விடிய உட்கார வைத்து வதைக்கக் கூடாது என்பதே அதன் நியாயம். ஒரே ஸ்திதி மூன்று முறை வந்தால் டிரா கோரலாம் என்பதும் அவ்விதமே பிறந்த விதி. இவ்விரண்டிலும் விசேஷம், ஆடுகிறவன் வாய் திறந்து கேட்டாலொழிய இவை தாமாக வந்து காப்பாற்றுவதில்லை என்பதுதான். ஸ்திதி ஐந்து முறை திரும்பினாலோ 75 நகர்வுகள் கடந்தாலோ கோராமலே ஆட்டம் முடியும் என்ற ஏற்பாடு 2014-இல்தான் வந்தது.

இந்த விதிக்குப் பெரிய சோதனை யந்திரத்திடமிருந்து வந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கென் தாம்ஸன், யுனிக்ஸ் என்னும் கணிப்பொறி அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். அவர் 1970-களில், முன்னோக்கி யோசிக்கும் மனித வழக்கத்தை விட்டு, ராஜா மாட்டிக்கொண்ட கடைசி நிலைகளிலிருந்து தொடங்கி, அதற்கு முந்தைய நகர்வு எது, அதற்கும் முந்தையது எது என்று பின்னோக்கி நடந்து, சில காய்களே உள்ள எல்லா ஸ்திதிகளுக்கும் பிழையற்ற விடை சொல்லும் அட்டவணைகளைத் தயாரித்தார். யானைக்கு எதிராக ராணி என்ற அமைப்பில் ராணி வெல்லும் என்பது அப்போது எந்தப் பாடப் புத்தகத்திலும் ஒரு பக்கத்தில் முடிந்துபோகிற விஷயம். ஆறு முறை அமெரிக்கச் சாம்பியனாக விளங்கிய வால்டர் பிரௌன், தாம் ராணியைப் பிடித்தால் யானையைப் பிடித்த யந்திரத்தைச் சுலபமாக வெல்லலாம் என்று பந்தயம் கட்டினார். தரப்பட்ட ஸ்திதி 31 நகர்வுகளில் வெல்லக்கூடியது. ஆனால் யந்திரமோ, யானையை ராஜாவின் பக்கத்திலேயே வைத்துக் காக்க வேண்டும் என்ற பாடத்தைச் சட்டை செய்யாமல், எந்த மனிதனும் அஞ்சக்கூடிய தொலைவில் அதைக் கொண்டுபோய் நிறுத்தியது. பிரௌன் 50 நகர்வுகளுக்குள் வெல்ல முடியாமல் பந்தயத்தை இழந்தார். அவர் பெருமைக்குரியவர் என்று நான் கருதுவது அதற்குப் பிறகு செய்த காரியத்துக்காக: வீட்டுக்குப் போய் அந்த அமைப்பை வாரக்கணக்கில் பயின்று, திரும்பி வந்து, சரியாக ஐம்பதாவது நகர்வில் யானையை வெட்டினார்.

1983-இல் தாம்ஸனின் யந்திரம் இன்னொரு நம்பிக்கையையும் உடைத்தது. குதிரைக்கு எதிராக இரண்டு மந்திரிகள் என்ற அமைப்பில், குதிரைக்காரன் தஞ்சம் புகத்தக்க ஓர் அரண் உண்டென்று க்ளிங்கும் ஹார்விட்ஸும் 1851-இல் எழுதியதை நூறாண்டுக்கு மேல் வல்லுநர்கள் நம்பியிருந்தார்கள். யந்திரம் அது பொதுவாக வெற்றியே என்றது. ஆனால் அந்த வெற்றிக்குச் சில சமயம் 66 நகர்வுகள் வரை வேண்டும் என்றும் சொன்னது. ஐம்பதில் முடியாத வெற்றி வெற்றியா என்ற கேள்வி எழுந்தது. உலகச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடே, 1980-களில் குறிப்பிட்ட சில அமைப்புகளுக்கு மட்டும் வரம்பை 100 என்று நீட்டி, பிறகு 75 என்று குறைத்து, கடைசியில் 1992-இல் எல்லாவற்றுக்கும் 50 என்ற பழைய எண்ணுக்கே திரும்பிற்று. யந்திரங்களோ நிற்காமல் முன்னே ஓடிக்கொண்டிருந்தன: ஆறு காய்கள் கொண்ட ஓர் அமைப்பில் 243 நகர்வுகள் தேவைப்படும் வெற்றியை லூயிஸ் ஸ்டில்லர் 1991-இல் கண்டுபிடித்தார், மாஸ்கோப் பல்கலைக்கழகத்தின் லொமொனோஸோவ் என்ற மகாயந்திரம் 2012-இல் ஏழு காய்களின் அட்டவணையை முடித்தபோது, 500-க்கும் மேற்பட்ட நகர்வுகள் நீளும் வெற்றிகள் வெளிப்பட்டன.

ஃபிடே அன்று செய்த முடிவை உண்மைக்குச் செய்த துரோகம் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. வெல்லத்தக்க ஸ்திதியை ஒரு எண்ணைக் காட்டி டிரா என்று அறிவிப்பது கணிதத்துக்கு அடாது என்பது அவர்கள் கட்சி. நான் மனப்பூர்வமாக அதற்கு எதிர்க்கட்சி. ஐந்நூறு நகர்வுகள் நீளும் அந்த வெற்றியில், ஏன் இந்தக் கட்டத்துக்கு ராஜா போகிறார் என்று எந்தக் கிராண்ட்மாஸ்டராலும் நமக்கு விளக்கிச் சொல்ல இயலாது. அது யந்திரத்தின் சொத்து. சட்டமோ, பசியும் சோர்வும் பயமும் உள்ள இரண்டு பேர் ஒரு மேஜையின் இருபுறமும் அமர்ந்து ஆடுவதற்காக இயற்றப்பட்டது. மூச்சுப் பிடிக்கும் நேரத்துக்கு ஓர் எல்லை வேண்டும். அந்த எல்லையை மனிதனின் மூச்சை வைத்தே அளக்க வேண்டும்.

யந்திரத்துக்குப் புலப்படாத டிராக்களும் உண்டு. கணித மேதை ரோஜர் பென்ரோஸ் பெயரில் 2017-இல் வெளிவந்த ஒரு புதிரில், வெள்ளைக்கு ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே. கறுப்புக்கு ராணியும் இரண்டு யானைகளும் மூன்று மந்திரிகளும். கறுப்புக்கே வெற்றி என்று அந்நாளைய கணிப்பொறிகள் மதிப்பிட்டன. ஆனால் அந்த மூன்று மந்திரிகளும் கருங்கட்டங்களிலேயே உலவுபவர்கள். ராணியும் யானைகளும் சிப்பாய்களின் நடுவே சிறைப்பட்டவர்கள். வெள்ளை ராஜா வெண்கட்டங்களில் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தால் 50 நகர்வுகள் தாமாகக் கழிந்துவிடும் என்பது மனிதக் கண்ணுக்குச் சீக்கிரம் புரிந்துவிடும்.

ஆனால் கண்ணுக்குப் புரிவது கைக்கு வர வேண்டுமே! 1978-இல் பாகியோ நகரில் உலகச் சாம்பியன் பட்டத்துக்காகக் கோர்ச்னோய்க்கும் கார்போவுக்கும் நடந்த ஐந்தாவது ஆட்டம் 124 நகர்வுகள் நீண்டு, கார்போவின் ராஜாவுக்கு நகர இடமில்லாத ஸ்டேல்மேட் என்னும் டிராவில் முடிந்தது. உலகச் சாம்பியன் போட்டிகளில் நெடுநாள் வரை மிக நீண்ட ஆட்டம் அதுவே. 2021 டிசம்பர் 3-ஆம் தேதி துபாயில் கார்ல்ஸனும் நெபோம்னியாஷியும் அதைக் கடந்தார்கள். ராஜாக்களையும் சேர்த்துப் பலகையில் ஏழே காய்கள்: கார்ல்ஸனுக்கு யானை, குதிரை, இரண்டு சிப்பாய்கள், நெபோம்னியாஷிக்கு ராணி. அட்டவணை அதை டிரா என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஏழு மணி நேரத்துக்கும் மேலாக உட்கார்ந்திருந்த மனிதர், 130-ஆம் நகர்வில் ராணியை வைக்கத் தகாத கட்டத்தில் வைத்தார். 136-ஆம் நகர்வுக்குப் பிறகு பணிந்தார். அந்தத் தொடரில் அவர் அதன்பின் எழுந்திருக்கவே இல்லை.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டத்தை, தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளைப் போல நானும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னையின் குகேஷுக்கு யானை, மந்திரி, இரண்டு சிப்பாய்கள். டிங் லிரெனுக்கு யானை, மந்திரி, ஒரு சிப்பாய். கணிப்பொறி டிரா என்றது. வர்ணனையாளர்கள் மறுநாள் நடக்கவிருந்த டைபிரேக்கரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளையோ எழுந்திருக்கவில்லை. ஒரு சிப்பாய் அதிகம் இருக்கிறது, ஆகவே ஆடுகிறேன் என்பதைத் தவிர அவருக்கு வேறு காரணம் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. 55-ஆம் நகர்வில் டிங், யானையை மாற்றிக்கொள்ளலாம் என்று நீட்டினார். மூலையில் ஒதுங்கியிருந்த அவருடைய மந்திரியும் அதோடு மாற்றப்பட்டே தீரும், பிறகு மிஞ்சும் ராஜா-சிப்பாய் ஆட்டத்தில் மீட்சியே இல்லை என்பது அவர் கண்ணில் படவில்லை. குகேஷும் உடனே காணவில்லை. வேறொரு நகர்வை ஆடவிருந்ததாக அவரே பின்னர் சொன்னார்.

மூன்று நகர்வுகளில் எல்லாம் முடிந்தது. டிங் கைகொடுத்து விட்டு எழுந்து போனார். அழுகையை அடக்க முடியாத அந்தப் பிள்ளை, மேஜையை விட்டு எழாமல், சிதறிக் கிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஆட்டம் தொடங்குகையில் இருந்த கட்டங்களிலேயே திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார்.