சுகர்ரமுர்தி: அந்த பொம்மை எனக்கு வேணாம் சாமி

ஆணி புடுங்க வந்த எடத்துல ரெண்டு நாள் லீவு கிடைச்சா மனுசன் தூங்கணும். நம்ம டீம் பசங்க விடலை. "மச்சி, சூனியக்காரி ஊராம், செம த்ரில்லிங்"னு கார்ல தூக்கிப் போட்டுக்கிட்டு போயிட்டானுங்க. ஸ்பெயின்ல நவார்ரா மாகாணம், பிரான்ஸ் எல்லையை ஒட்டி பிரெனீஸ் மலையடிவாரத்துல சுகர்ரமுர்தின்னு ஒரு குட்டி கிராமம். வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, சுத்தி பச்சைப் புல்லு, ஆடு. ஊருக்கு வெளியே ஓடை குடைஞ்சு உண்டாக்கின பெரிய குகை. அந்த ஓடைக்குப் பேரே 'நரக ஓடை'. அழகு, ஒத்துக்கறேன்.

கடுப்பு ஆரம்பிச்சது கடையில. வளைஞ்ச மூக்கு, துடைப்பம், கூம்புத் தொப்பியோட ஒரு கெழவி பொம்மை. நண்பர் ஒருத்தர் வாங்கி, "ஊர்ல மாமியாருக்கு"ன்னு ஜோக் வேற. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், பொய் சொல்லக்கூடாது. அப்புறம் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்துல 2007-ல திறந்த மியூசியத்துக்குள்ள போனதும் அந்தச் சிரிப்பு தொண்டையில நின்னுடுச்சு.

மேட்டர் இதுதான். 1610 நவம்பர்ல லொக்ரோன்யோ நகரத்துல திருச்சபை விசாரணை மன்றம் ஊரைக் கூட்டித் தீர்ப்பு வாசிச்சது. 6 பேரை எரிச்சாங்க. அதுல 2 பேர் ஆம்பளைங்க. இன்னும் 5 பேர் ஜெயில்லயே செத்துட்டாங்க, அவங்களுக்கு உருவபொம்மை செஞ்சு அதையும் எரிச்சாங்க. எரிக்கப்பட்ட அந்த 6 பேர் செஞ்ச தப்பு என்ன தெரியுமா? "நான் சூனியக்காரி இல்லை"ன்னு கடைசி வரைக்கும் சொன்னது. ஆமா சாமி, நான் ராத்திரி பறந்தேன், ஆட்டுக்கிடா ரூபத்துல வந்த சாத்தானைக் கும்பிட்டேன்னு கதை விட்டவங்க பெரும்பாலும் பொழைச்சாங்க. பொய் சொன்னா வீடு, உண்மை சொன்னா விறகு. இப்ப சொல்லுங்க, அந்தப் பொம்மை யாரோட பொம்மை?

"அந்தக் காலத்துல ஜனங்களுக்கு அறிவு அவ்ளோதான்"னு சொல்ற அண்ணன்களுக்கு ஒரு ஆளை அறிமுகப்படுத்தறேன். அலோன்சோ டி சலாசர் ஃப்ரியாஸ். அந்த 1610 தீர்ப்பு சொன்ன மூணு நீதிபதிகள்ல இவரும் ஒருத்தர், அதாவது கையில ரத்தம் பட்டவர்தான். ஆனா 1611-ல கிளம்பி மாசக்கணக்குல மலை கிராமமா சுத்தினார். 1,800-க்கு மேல வாக்குமூலம், அதுல 1,384 சின்னப் பசங்களோடது! நம்ம டெஸ்டிங் டீம் கெட்டது போங்க. சூனியக் களிம்புன்னு கொடுத்ததையெல்லாம் சோதிச்சுப் பார்த்தார், எல்லாம் டுபாக்கூர். சாத்தான் கூட்டம் நடக்குதுன்னு சொன்ன எடத்துக்கே ராத்திரி தன் ஆளுங்களை அனுப்பினார். அங்க ஒரு ஈ காக்கா இல்லை. ஆனா 'நேத்து ராத்திரி அங்கதான் இருந்தோம்'னு பசங்க சத்தியம் பண்ணுதுங்க. இந்தப் பேச்சை ஊர்ல கிளப்புற வரைக்கும் அங்க சூனியமே இல்லைங்கறதுதான் அவர் எழுதின முடிவு. 1614-ல மேலிடம் அதை ஏத்துக்கிச்சு. ஸ்பெயின்ல அந்த மன்றம் சூனியத்துக்காக எரிக்கறது கிட்டத்தட்ட அதோட நின்னுது. அதே சமயம் ஜெர்மனியில பாம்பர்க், வூர்ஸ்பர்க்ல 1620-கள்ல நூத்துக்கணக்குல எரிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஆக, அறிவு அந்தக் காலத்துலயும் இருந்துச்சு. போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

ரொம்ப நக்கலா "வெள்ளைக்காரனும் இப்படித்தான்"னு சந்தோஷப்படவும் வேணாம். ஜார்க்கண்ட்ல இதுக்குன்னே 2001-ல தனிச் சட்டம் போட வேண்டி வந்துச்சு. 1995-ல சூனியக்காரின்னு ஊரே சேர்ந்து அடிச்சு விரட்டின சுட்னி தேவிங்கற அம்மாவுக்கு 2021-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க, தன்னை மாதிரி பொண்ணுங்களைக் காப்பாத்தினதுக்காக. அவங்க மூஞ்சிய துடைப்பத்தோட பொம்மை பண்ணி வித்தா வாங்குவோமா?

கோவத்துல கார்ல இதையெல்லாம் ஒப்பிச்சேன். "ஒரு பொம்மைக்கு இவ்ளோ லெக்சரா"ன்னு கேட்டாங்க. நண்பர் மட்டும் ஒண்ணும் பேசலை. பாம்ப்லோனா வந்து எறங்கறப்ப பார்த்தேன், பொம்மை சீட்டுக்கு அடியில கிடந்துச்சு. எடுத்துக் கொடுத்தேன். "நீயே வெச்சுக்கடா"ன்னுட்டார். இப்ப அது என் மேசை டிராயர்ல, தூக்கிப் போடவும் மனசு வராம.