படையலில் யாருடைய படம்?

2015இல் வெளிவந்த 'ஸ்பெக்டர்' என்ற ஜேம்ஸ் பாண்ட் படம், மெக்சிகோ நகரத் தெருக்களில் இறந்தோர் நாளுக்கான பிரம்மாண்டமான எலும்புக்கூட்டு ஊர்வலத்தோடு தொடங்கும். அப்படியோர் ஊர்வலம் அதுவரை அந்த நகரத்தில் நடந்ததில்லை. படம் பார்த்துவிட்டு வரும் சுற்றுலாப் பயணிகள் அதைத் தேடுவார்கள் என்று, அடுத்த ஆண்டே அரசு அதை நடத்தத் தொடங்கியது. சினிமாவிலிருந்து பிறந்தது எப்படி மரபாகும் என்று கேட்பவர்கள், அதே மூச்சில் சுவரோவியம், மண்டையோட்டு ஒப்பனை, தெருச் சிற்பம் எல்லாவற்றையும் சேர்த்து, 'நகரம் மரபைக் கெடுத்துவிட்டது' என்கிறார்கள். அது அவசரத் தீர்ப்பு.

இறந்தோர் நாள் என்பது என்ன? நவம்பர் 1 மறைந்த குழந்தைகளுக்கு, 2 பெரியவர்களுக்கு. வீட்டில் அவர்களுடைய படத்தை வைத்து, பிடித்த சாப்பாடு, தண்ணீர், உப்பு, மெழுகுவர்த்தி வைத்துப் படைப்பார்கள். கோபால் என்ற குங்கிலியம் புகையும். ஆன்மாவுக்கு வழிகாட்ட மஞ்சள் பூக்களைத் தூவுவார்கள். நாம் மாலை கட்டும் செண்டுமல்லிதான் அது. இங்கே வந்ததே மெக்சிகோவிலிருந்துதான். இவ்வளவும் பெயர் தெரிந்த ஒருவருக்காக. பொதுவான 'மரணம்' எதையும் அங்கே கும்பிடுவதில்லை.

இன்று அந்த நாளின் முகமாகிவிட்ட இறகுத் தொப்பி எலும்புக்கூட்டுச் சீமாட்டி கத்ரீனாவோ நகரத்துப் பெண். 1913இல் மறைந்த ஹோசே குவாதலூபே பொசாதா, மெக்சிகோ நகரத்து அச்சகம் ஒன்றின் மலிவு விலைத் தாள்களுக்காக அவளை வரைந்தார். பூர்வகுடி வேரை மறைத்து ஐரோப்பியப் பகட்டைப் பூசிக்கொண்டவர்களைக் கிண்டல் செய்த படம் அது. அதில் தலையும் தொப்பியும்தான் உண்டு. உடலையும் ஆடையையும் கொடுத்தவர் தியேகோ ரிவேரா. 1947இல் அவர் வரைந்த அலமேதா பூங்காச் சுவரோவியத்தில், ஒரு பக்கம் பொசாதா நிற்க, மறுபக்கம் சிறுவனான ரிவேராவின் கையைப் பிடித்தபடி நிற்கிறாள் கத்ரீனா. நகரத்துக் கலை இந்த மரபுக்குள் நுழைந்து நூறாண்டுக்கு மேலாகிறது.

ஆகவே பழையதா புதியதா என்பதைவிட, ஒரு கலைப்படைப்பில் யாருக்கு இடம் இருக்கிறது என்று கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. 1970களில் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் 'செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ்' கலைக்கூடம் இந்த நாளைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. முன்னோர்களின் கல்லறைகளை எல்லைக்கு அப்பால் விட்டு வந்த குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த எஸ்தர் எர்னாண்டஸ், 1982இல் தன் அச்சோவியம் ஒன்றில், உலர்திராட்சைப் பெட்டியில் சிரிக்கும் பெண்ணை எலும்புக்கூடாக மாற்றினார். திராட்சைத் தோட்டத்துப் பூச்சிமருந்தால் நோயுற்றவர்களும் மடிந்தவர்களும் அந்தச் சிரிப்பில் தெரிகிறார்கள்.

மெக்சிகோவின் ஒஹாக்கா நகரில் நடந்ததை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். அங்கே ஒருவர் இறந்தால் வீட்டுத் தரையில் வண்ண மணலால் ஓவியம் இடுவார்கள், ஏறக்குறைய நம் கோலம்போல. ஒன்பது நாள் பிரார்த்தனை முடிந்ததும் அந்த மணலை அள்ளிக் கல்லறைக்குக் கொண்டுபோவார்கள். 2006இல் ஆசிரியர் வேலைநிறுத்தம் மக்கள் எழுச்சியாக மாறி, பலர் கொல்லப்பட்டனர். அக்டோபர் கடைசியில் கூட்டாட்சிப் போலீஸ் நகருக்குள் புகுந்தது. சில நாட்களில் வந்த இறந்தோர் நாளன்று, கலைஞர்கள் அந்த மணலோவியத்தைத் தெருவில் இட்டார்கள். ஒரு வீட்டுத் துக்கம் ஊர்த் துக்கமானது. மரபிலிருந்து இம்மி விலகாமல், அது கொலைக்குச் சாட்சியும் சொன்னது.

சினிமா பெற்ற ஊர்வலத்தையும் ஒரேயடியாக ஒதுக்க முடியாது. 2017 செப்டம்பர் நிலநடுக்கத்துக்குப் பின் நடந்த ஊர்வலம், பலியானவர்களுக்கும் மீட்புப் பணியாளர்களுக்கும் அஞ்சலி செய்தது. அன்று அதற்கு உயிர் இருந்தது. மதுபான விளம்பரத்தில் வரும் மண்டையோட்டுக்கு அது இல்லை. அங்கே நினைக்கப்படும் ஆள் எவருமில்லை.

படையல் பொருந்தாத இடமும் உண்டு. 2014 செப்டம்பரில் காணாமலாக்கப்பட்ட அயோட்சினாபா கல்லூரி மாணவர்கள் 43 பேரில் மூவரின் எச்சங்கள் மட்டுமே அடையாளம் காணப்பட்டுள்ளன. மற்றவர்களின் படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றிப் படைத்தால், அவர்கள் இறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டதாகிவிடும். பெற்றோர்கள் பிள்ளைகளை உயிரோடு திருப்பித் தரச் சொல்லித்தான் கேட்கிறார்கள். 2015 ஏப்ரலில் மெக்சிகோ நகரத்தின் ரெஃபோர்மா சாலையில், அனுமதி எதுவும் கேட்காமல், கூட்டல் குறியும் 43 என்ற எண்ணுமாக ஒரு சிவப்பு உலோகச் சிற்பத்தை நட்டார்கள். அதை நினைவுச்சின்னம் என்று அழைக்க மறுத்து, 'எதிர்-நினைவுச்சின்னம்' என்று பெயரிட்டார்கள்.