2059-ஐ எண்ணத் தெரியாத கருவிகள்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் திருக்குளத்திலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்தருளும் அத்திவரதர், 1979-க்குப் பின் 2019-இல் சேவை சாதித்தார்; அடுத்த வைபவம் 2059-இல் என்பதைச் செவிலிமேட்டில் தறிக்குழியில் அமர்ந்திருக்கும் பெரியவர் தயக்கமின்றிச் சொல்லிவிடுவார். ஆனால் இன்றும் புழக்கத்திலுள்ள பழைய 32 பிட் கருவிகள் பலவற்றுக்கு அந்த ஆண்டை எண்ணும் சக்தி இல்லை. அவற்றின் கணக்கில் 2059-இன் ஆடி மாதம் 1923-இல் போய் விழும்.

யூனிக்ஸ் மரபில் வந்த இயங்குதளங்கள் 1970 ஜனவரி முதல் தேதியிலிருந்து கழிந்த விநாடிகளையே காலமாகக் கொள்கின்றன. கூட்டல், கழித்தல் குறிக்கும் இடம் விட்ட 32 பிட் எண்ணில் 214,74,83,647 விநாடிகளுக்கு மேல் அடங்காது. 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு அந்த எல்லை முடிந்து, மறுகணமே கணக்கு 1901 டிசம்பருக்குப் பின்வாங்கிவிடும். பிரபவ முதல் அட்சய வரை ஓடி மீண்டும் பிரபவவுக்கே திரும்பும் நம் அறுபதாண்டு வட்டத்தில் வருஷப் பெயர் மாத்திரம் போதாதென்று, சாசனம் பொறித்தோர் பலர் சக வருஷத்தையும் உடன் வெட்டினார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலைத் திருத்தியோரும் அவ்வாறே 64 பிட் என்னும் விசாலமான எண்ணை நாடினார்கள்.

இடத்தை அகலப்படுத்தினால் தீர்ந்தது என்று எண்ணலாகாது. கெர்னலிடம் நேரம் கேட்கும் பழைய நிரல்கள் குறுகிய விடையையே எதிர்பார்ப்பவையாதலால், அவற்றைக் குலைக்காமல் புதிய அழைப்புகளைப் பக்கத்திலேயே அமைக்க வேண்டியிருந்தது. ஆர்ண்ட் பெர்க்மன் முதலானோரின் பல்லாண்டுப் பிரயாசை 2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்பில்தான் பூர்த்தியாயிற்று. கோப்பு முறைமைகளுக்குத் தனித் திருத்தம். அவற்றுள் ஒன்றான எக்ஸ்எஃப்எஸ் இப்போது 2486 வரை செல்லும்.

அந்தக் கெர்னலில் நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. இயந்திரம் விழித்தது முதல் துடிப்புகளை எண்ணும் எண்ணை, நிரம்பி வழிய ஐந்தே நிமிஷம் மீந்திருக்கும் நிலையிலிருந்து வேண்டுமென்றே தொடங்கிவைத்திருக்கிறார்கள். பிழை இருந்தால் அது பயன்படுத்துவோரிடம் போய் வெடிக்காமல், ஆக்கியவர் கண்முன்னேயே வெளிப்பட வேண்டும் என்பதற்காக.

இந்த ஜாக்கிரதை நம் அரசு அலுவலகங்களுக்கும் வேண்டும். இன்று வழங்கும் இருபதாண்டு வீட்டுக் கடனின் கடைசித் தவணையே 2038-ஐத் தாண்டிவிடுகிறது. மின்மானியோ, நீரேற்றுக் கட்டுப்பாட்டுப் பெட்டியோ, கேமராவோ வாங்கும் துறை எதுவாயினும், திருத்திய கெர்னலும் நிரல்களும் உள்ளே இருப்பதாக விற்பவர் சொல்வதை மட்டும் ஏற்காமல், கருவியின் கடிகாரத்தை 2038 ஜனவரி 19 காலை 8.40-க்கு வைத்து, பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுப்பது என்ற நிபந்தனையை ஒப்பந்தப்புள்ளியில் இந்த ஆண்டே எழுதிவிட வேண்டும்.