தோலுக்கடியில் நிற்பது வாய்வு அல்ல

"கழுத்து திடீர்னு வீங்கி, தொட்டா நறநறங்குதா? பயப்படாதீங்க, வாய்வு ஏறி நிக்குது. பூண்டைத் தட்டிப் பால்ல போட்டுக் குடிங்க, எண்ணெய் தடவி நீவி விடுங்க." காலைத் தொலைக்காட்சியில் ஒருவர் இப்படிப் பேசக் கேட்ட நாளிலிருந்து என் கோபம் ஆறவில்லை. ஏப்பத்துக்கும் உப்புசத்துக்கும் பூண்டுப்பால் குடிக்கட்டும். இது வேறு.

குடலில் உண்டாகும் வாய்வு மேலே ஏப்பமாகப் போகும், கீழே பிரியும், கொஞ்சம் ரத்தத்தில் கரைந்து மூச்சோடு வெளியேறும். தோலுக்கடியில் குமிழியாக வந்து நிற்க அதற்கு வழியில்லை. தோலுக்கடியில் காற்று நின்றால் பெரும்பாலும் எங்கோ கிழிந்திருக்கிறது.

பல நேரம் நுரையீரலில். பைக்கிலிருந்து விழுந்தவரின் விலா முறிந்து, அதன் முனை நுரையீரலைக் குத்தினால் காற்று கசிந்து நெஞ்சுத் தோலடியில் சேரும். கடும் ஆஸ்துமாவில் காற்று நுண்ணறைகள் வெடித்தால், ரத்தக்குழாய் உறைகளை ஒட்டியே காற்று ஊர்ந்து நெஞ்சின் நடுவுக்கும் கழுத்துக்கும் ஏறும். மருத்துவ ஆய்வாளர்களான மேக்லின் தம்பதி 1944-லேயே இந்தப் பாதையை விளக்கி எழுதிவிட்டார்கள். கடைவாய்ப் பல் பிடுங்கும்போது காற்றில் சுழலும் கருவியாலும் கன்னம் வீங்குவதுண்டு.

நீவி விடுவதா? காலில் மண் பட்ட காயத்தில் குளோஸ்ட்ரிடியம் கிருமி புகுந்தால் தசை அழுகி, அங்கேயே வாயு உண்டாகும். அந்தக் காலுக்குத் தேவை உடனடி அறுவை சிகிச்சை. நீவிக் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் காலுக்கும் உயிருக்கும் ஆபத்து.

"எல்லாம் வயித்துலேர்ந்துதானே வருது" என்பார்கள். சாப்பாட்டில் தொடங்கிய ஒன்றையே சொல்கிறேன். 1723-இல் ஹாலந்தின் கடற்படைத் தளபதி வாசனார் பிரபு, விருந்து உண்ட வயிற்றை லேசாக்க வாந்தி மருந்து குடித்தார். குமட்டும்போதே நெஞ்சைப் பிளக்கும் வலி. ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. லைடன் மருத்துவர் ஹெர்மன் பூர்ஹாவ உடலைத் திறந்தார். உணவுக்குழாய் அறுந்திருந்தது, தின்ற வாத்தின் வாடை நெஞ்சறைக்குள் வீசியது. அந்தக் கிழிசலுக்கு இன்றும் பூர்ஹாவ பெயர்தான். வாந்தி, நெஞ்சுவலி, கழுத்தில் நறநறப்பு மூன்றும் சேர்ந்தால் மருத்துவர் முதலில் அதைத்தான் சந்தேகிப்பார். வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தரமாட்டார். அந்த நோயாளிக்குப் பூண்டுப்பால் ஊற்றினால், அந்தப் பாலும் நெஞ்சறைக்குள்தான் இறங்கும்.