உளுந்துக் கப்பல் தை மாதத்தில் வரலாமா?

மேலநீலிதநல்லூர் வட்டாரக் கரிசல் காடுகளில் புரட்டாசிப் பட்டத்தில் விதைக்கும் மானாவாரி உளுந்து, மார்கழி, தை மாதங்களில் களத்துக்கு வருகிறது. ஏக்கருக்கு இரண்டு, மூன்று குவிண்டால் கண்டால் நல்ல மகசூல். குவிண்டாலுக்கு ஆயிரம் ரூபாய் விலை இறங்கினால் ஏக்கருக்கு இரண்டாயிரம், மூவாயிரம் போயிற்று. விவசாயிக்கு மட்டுமா நட்டம்? செடி பிடுங்கவும் களம் சேர்க்கவும் வரும் பெண்களின் கூலியும் அந்தப் பணத்திலிருந்துதான் வர வேண்டும்.

அயல்நாட்டு உளுந்தே கூடாது என்று சொல்பவனல்ல நான். இட்லியும் தோசையும் உண்ணும் நம் நாட்டின் தேவைக்கு நம் விளைச்சல் போதவில்லை. கூலி வேலை செய்பவரும் உளுந்தை விலை கொடுத்துத்தான் வாங்குகிறார். வெளியிலிருந்து வருவதில் பெரும்பகுதி மியான்மர் உளுந்து. அங்கும் நெல் அறுத்த ஈரத்தில், நம் தஞ்சைத் தரிசு உளுந்து போலவே, சிறு விவசாயிகள்தாம் பயிரிடுகிறார்கள். அவர்கள் அதை அதிகம் உண்பதில்லை; நம்மை நம்பியே விளைவிக்கிறார்கள். அவர்கள் மீது நமக்குக் கோபம் வேண்டாம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 2015-ல் பருப்பு விலை உச்சத்துக்குப் போனதும் இறக்குமதி பெருகியது. 2016-17-ல் உள்நாட்டு விளைச்சலும் அமோகமாக வர, விலை ஆதரவு விலைக்கும் கீழே விழுந்தது. அதன் பிறகே, 2017 ஆகஸ்டில், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 3 இலட்சம் டன் என்று மத்திய அரசு வரம்பு கட்டியது. வெள்ளம் வடிந்த பின் கரை போட்ட கதைதான். திடீர்த் தடையால் மியான்மர் விவசாயியும் அடிபட்டார். 2021 மே மாதம் வரம்பு நீக்கப்பட்டது; அந்தச் சலுகை ஆண்டுதோறும் நீண்டு, 2025 மார்ச்சில் மேலும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டது.

இந்த அறிவிப்புகள் எல்லாம் நிதியாண்டுக் கணக்கில் வருகின்றன. நம் பயிரோ பட்டக் கணக்கில் விளைகிறது. சென்னைத் துறைமுகத்துக்கு எவ்வளவு சரக்கும் வரலாம் என்றிருக்கும்போது, தை மாதத்தில் நம் மூட்டைக்கு வியாபாரி ஏன் விலை ஏற்றிக் கேட்கப் போகிறார்?

மியான்மருடன் 2021 ஜூனில் செய்த உடன்பாட்டின்படி ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் டன் உளுந்து வாங்க ஒப்புக்கொண்டோம். இது போன்ற வாக்கைக் காப்பாற்ற வேண்டியதுதான். ஆனால் 2023-24-ல் வந்தது அதைப் போல இரு மடங்குக்கும் மேல். கூடுதலாக வருவதை மட்டும் மார்கழி முதல் மாசி வரை நிறுத்தி வைத்தால் என்ன? வரி போடலாமே என்று சிலர் கேட்கலாம். மிகவும் பின்தங்கிய நாடு என்ற வகையில் மியான்மர் சரக்குக்கு வரிச் சலுகை உண்டு. ஆகவே அளவைக் கட்டுப்படுத்துவதே பயன் தரும். சந்தை விலை ஆதரவு விலைக்குக் கீழே போனால் கப்பல் தாமதிக்க வேண்டும், மேலே போனால் வரலாம் என்ற விதியை ஆவணியிலேயே அறிவித்துவிட்டால், விதைப்பவருக்கும் தெரியும், மியான்மரில் விதைப்பவருக்கும் தெரியும்.

2025-26-க்கு உளுந்தின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.7,800. துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்பு மூன்றையும் 2028-29 வரை விளைச்சல் முழுவதும் கொள்முதல் செய்யலாம் என 2025 வரவு-செலவுத் திட்டத்தில் மத்திய அரசு கூறியது. நல்ல அறிவிப்பு. ஆனால் அறுவடை முடிந்து ஒரு மாதம் கழித்துக் கொள்முதல் மையம் திறந்தால், கடன் வாங்கி விதைத்தவர் அதுவரை மூட்டையை வைத்திருக்க முடியாது. மார்கழி பிறக்கும்போதே மையம் திறக்க வேண்டும் என்று கிராம சபையில் இப்போதே கேளுங்கள்.

நம் பக்கமும் ஒன்று உண்டு. கொள்முதலுக்கு ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கல், மண் இல்லாமல் தூற்றி, நன்றாகக் காயவைத்து, பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடையும் பதத்தில் சாக்கில் பிடியுங்கள். அடங்கல், வங்கிப் புத்தகம், ஆதார் நகல்களைப் பூக்கும் பருவத்திலேயே எடுத்து வைத்துக்கொண்டால், பதிவு தொடங்கும் நாளில் அலைய வேண்டியிராது.