வெயிட்டுல என்ன அண்ணாச்சி இருக்கு?

சிவகாசியில நோட்டு, டைரி அச்சடிச்சு தூத்துக்குடி வழியா வெளிநாட்டுக்கு அனுப்புற ஒரு அண்ணாச்சியோட போன வாரம் டீக்கடையில பேச்சு. கன்டெய்னர் எடையைக் கொஞ்சம் குறைச்சு எழுதுறதுல தப்பே இல்லைங்கிறார். "அவ்ளோ பெரிய இரும்புக் கப்பல், நம்ம ரெண்டு டன்னுல முழுகவா போகுது?"ன்னு சிரிப்பு வேற. வயசுல பெரியவர், அங்க வாயைத் திறக்கல. அதான் இங்க கொட்டுறேன்.

அண்ணாச்சி, முழுகுறது அப்புறம். முதல்ல கப்பல் வளையும். நோட்டு பண்டலை நீளப் பலகையில அடுக்கி, ரெண்டு பேர் ரெண்டு முனையிலயும் தூக்கினா நடுவுல தொய்யுதுல்ல? கப்பலோட முன்னும் பின்னும் அலை முகட்டுல நிக்கும்போது அதே கதைதான். முகடு நடுவுக்கு வந்தா ரெண்டு முனையும் தொங்கும்; மேல்தளம் இழுபடும், அடித்தகடு நெருக்குப்படும். ஒரு நாளைக்கே இது ஆயிரக்கணக்கான தடவை. எந்தப் பெட்டி எங்க இருந்தா கப்பல் தாங்கும்னு கணக்குப் போட்டுத்தான் ஏத்துறாங்க. அந்தக் கணக்குக்கு ஆதாரமே நீங்க எழுதித் தர்ற எடைதான்.

2007 ஜனவரி 18. இங்கிலீஷ் கால்வாய்ப் புயல்ல 'எம்.எஸ்.சி. நாப்போலி' கப்பலுக்கு எஞ்சின் ரூம் பக்கம் உடம்பு நசுங்கிப் பிளந்துடுச்சு. நல்லவேளை, 26 பேரும் பிழைச்சாங்க. பிற்பாடு மேல்தளத்துல நனையாம இருந்த 660 பெட்டிகளை எடை போட்டுப் பாத்தா, 137 பெட்டியில எழுதினதுக்கும் இருந்ததுக்கும் 3 டன்னுக்கு மேல வித்தியாசம்! மொத்தத்துல 312 டன் கூடுதல். "உடைஞ்சதுக்கு முக்கியக் காரணம் அந்த இடத்துல இருந்த பலவீனம், எடை இல்லை"ம்பீங்க. ஒத்துக்கறேன். ஆனா ஆபத்துக்குன்னு மிச்சம் வச்சிருந்த தெம்புல கொஞ்சத்தைத் தின்னது இந்தப் பொய்க்கணக்கு.

2016 ஜூலை 1லேர்ந்து, சரிபார்த்த எடை இல்லாம பெட்டியை ஏத்தக்கூடாதுன்னு சர்வதேச விதியே வந்தாச்சு. அதையும் இன்னொரு பேப்பர்னு நினைச்சுக் குத்துமதிப்பா நிரப்பினா விதி என்ன செய்யும்?

நம்ம ஊர்க்காரனுக்கா இதைச் சொல்லணும்? ஒரு ரூம்ல எவ்வளவு மருந்து, எத்தனை ஆள்னு ஏன் அளவு வச்சிருக்காங்கன்னு 2012 செப்டம்பர் 5ல முதலிப்பட்டி வெடிவிபத்து முப்பதுக்கு மேல உயிரை வாங்கிட்டுல்ல சொல்லுச்சு? "கொஞ்சம் கூடினா என்ன"ங்கிற பேச்சுக்கு நாம கொடுத்த விலை போதாதா?

ரூம் வெடிச்சா சத்தம் நமக்குக் கேக்கும். நடுக்கடல்ல கப்பல் உடையுற சத்தம் சிவகாசிக்குக் கேக்காது. அந்தத் தைரியம்தான் அண்ணாச்சிக்கு.

டிஸ்கி: ஒழுங்கா எடை போட்டு அனுப்புறவங்க கோவிச்சுக்காதீங்க. இது உங்களுக்கு இல்லை :)